மேட்டில் போட்ட கல்

அன்புள்ள அக்கா மகளே,

உன் மாமன் லாரி லைசென்ஸ் பரீட்சைக்குப் போனதைப் பார்க்க எல்டோரெட் ஊரே திரண்டது. நான் வளைவில் திருப்பிய அழகில் அதிகாரி மூச்சுவிட மறந்தார்.

மேட்டில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். இருபது வருடம் கிளீனராக இருந்த கால்கள் அல்லவா, சக்கரத்துக்குக் கல் போடக் குதித்துவிட்டன.

"பெரியவரே, நீங்களே இறங்கிட்டா ஸ்டியரிங்க யாரு புடிக்கிறது, அந்தக் கல்லா?" என்று கத்தினார்.

என்மேல் உள்ள பிரியத்தில் வியாழக்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்.

இப்போது சமையலறை நாற்காலியில் பழகுகிறேன். நீ மொம்பாசாவுக்கு வாழப்போன பிறகும் கை இருவருக்குத்தான் உகாலிக் களி கிண்டுகிறது. முடிந்தால் புதன்கிழமை வா. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "இறங்காதீங்க மாமா" என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

இப்படிக்கு,
முக்கால் டிரைவராகிவிட்ட உன் மாமன்