டீ போட்டுக் கொடுத்தவள்

டீச்சர்,

என் வீட்டு அடுப்புக்கு மேலே பரணில் கிடந்த உங்கள் பிஸ்கட் டப்பாவை இன்று காலை திறந்தேன். புகை ஏறிய பூண்டு வாடை முகத்தில் அடித்தது. உள்ளே நீங்கள் எழுதிய சீட்டுகள், கட்டுக் கட்டாக. உங்கள் தங்கை மகன் போன் செய்ததால்தான் திறந்தேன். உங்கள் புத்தகத்தை மறுபடி அச்சடிக்கப் போகிறாராம், அதற்கு இந்தச் சீட்டுகள் வேண்டுமாம். நீங்கள் கண்மூடிய பிறகு, குப்பை என்று இதை என்னிடம் தள்ளிவிட்டவரும் அவர்தான்.

பூம்பாறையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து கொடைக்கானலில் உங்கள் வீட்டு வேலை பார்த்துப் போவேன். ஒரு நாள் நீங்கள் பூதக்கண்ணாடியோடு தடித்த ஆங்கில அகராதியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். எஸ், டி, ஈ, ஆர் என்று முடிகிற, பெண்கள் செய்த தொழிலைச் சொல்லும் பழைய சொற்களைத் தேடுவதாகச் சொன்னீர்கள். மேஜை துடைத்த கையாலேயே ஒன்றைத் தொட்டுக் காட்டினேன்.

"ஏம்மா, ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"அஞ்சாப்புல ஏபிசிடி படிச்சதோட சரிங்க. அர்த்தம் தெரியாது. வெதைப்பூண்டுல சொத்தப் பல்லு கண்ணுல படுற மாதிரி இதுவும் படுது."

அன்றிலிருந்து ஏழு வருஷம். சமையலறை வேலை முடிந்ததும் பக்கத்தின் ஓரமாக விரலை ஓட்டுவேன். அகப்பட்ட இடத்தில் பூண்டுத் தோல் வைப்பேன். அதற்கென்றே மடியில் நாலு தோல் கிடக்கும். நீங்கள் அந்தப் பக்கங்களை மட்டும் புரட்டிச் சீட்டு எழுதுவீர்கள். எனக்கு அர்த்தமும் சொல்வீர்கள். வெப்ஸ்டர், துணி நெய்தவள். பேக்ஸ்டர், ரொட்டி சுட்டவள். ப்ரூஸ்டர், பீர் காய்ச்சியவள்.

"சாராயம் காய்ச்சுனவளுக்குமாங்க பேரு?"

"வேலை செஞ்சா பேரு உண்டு, வெள்ளத்தாயி."

ஸ்பின்ஸ்டர் சீட்டை எழுதிய அன்று பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். "நூல் நூத்தவ. பெறகு அவ நூத்தத மறந்துட்டு, கல்யாணம் ஆகாதவன்னு மட்டும் வெச்சுக்கிட்டாங்க. என்னையும் அப்பிடித்தானே சொல்றாங்க. முப்பத்தேழு வருஷம் பாடம் நடத்துனது எவனுக்கு ஞாபகம்?"

அந்தச் சொற்களைப் பற்றிய உங்கள் ஆங்கிலப் புத்தகம் வந்ததும் எனக்கொன்று தந்தீர்கள். என் பேர் வந்திருக்கும் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பேத்தியை வாசிக்கச் சொன்னேன். மூன்று பேராசிரியர்களுக்கு நன்றி. நூலகத்துக்கு நன்றி. காலடியில் படுத்திருந்த நாய்க்கு, அதன் பேரைச் சொல்லி நன்றி. கடைசியில் அவள் குரல் இறங்கியது.

"வேளாவேளைக்கு டீ போட்டுக் கொடுத்த வேலைக்காரிக்கும் நன்றின்னு இருக்கு, அம்மாச்சி."

நான் போடும் டீயை நீங்கள் வாயில் வைத்ததே இல்லை. இஞ்சி தூக்கல் என்று உங்கள் டீயை நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.

மறுநாளும் வேலைக்கு வந்தேன். படித்தாயா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பேர் எனக்கெதற்கு என்று நானும் வாய் திறக்கவில்லை. படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புத்தகத்துல..." என்று தொடங்கினீர்கள். "பேசாம படுங்க டீச்சர்" என்று போர்வையை இழுத்துவிட்டேன். அந்த வீம்பு இன்றைக்கும் கசக்கிறது. உங்கள் நன்றி அதைவிடக் கசக்கிறது.

தங்கை மகன் நாளை வெள்ளனே வருவதாகச் சொன்னார். "தூக்கிப் போட்டுடலயே பாட்டி?"

"பத்திரமா இருக்கு தம்பி. மெதுவா வாங்க, எனக்குச் சோலி கெடக்கு" என்றேன்.

அந்தச் சோலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சீட்டின் முன்பக்கம் உங்கள் சாய்ந்த எழுத்து. பின்பக்கம் என் அஞ்சாம் வகுப்பு எழுத்து: கண்டெடுத்தவள், வெள்ளத்தாயி, பூம்பாறை. ஒவ்வொரு சீட்டிலும் எழுதிக்கொண்டு வருகிறேன். பாதி முடிந்திருக்கிறது.

ஸ்பின்ஸ்டர் சீட்டில் மட்டும் என் பேருக்கு மேலே உங்கள் பேரை எழுதி, முப்பத்தேழு வருஷம் பாடம் நடத்தியவள் என்று போட்டேன். மனசார எழுதவில்லை, டீச்சர். நீங்கள் என் பேரை விட்டதுபோல் நானும் விட்டுவிடக் கூடாதே என்றுதான்.