சம்பந்தி கொண்டுவந்த லாரி பிஸ்டன்

ஜூன் 3, செவ்வாய்

வெயில். அக்னி முடிந்துவிட்டதாம். பட்டறையின் தகரக் கூரைக்கு யாரும் சொல்லவில்லை.

காலையில் பம்ப் ஷாஃப்ட் இரண்டு. பத்து மணிக்கே முடிந்தது. சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் என்னைப் போல லேத் பிடிக்கிறவன் கிடையாது. அந்தப் பக்கமும் கிடையாது.

மதியம் சம்பந்தி வந்தார். மகள் கவிதாவைக் கட்டிக் கொடுத்து ஆறு மாதம். மகாபலிபுரத்திலிருந்து பஸ் மாறி மாறி என் பட்டறைக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. பையைத் திறந்தார். உள்ளே பழைய லாரி பிஸ்டன். எனக்காம்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளைக்கு ஓட்டல் வேலை, மிச்ச நேரம் குட்டி விமானம் விடுவது. அதன் இன்ஜின் உள்ளங்கையில் அடங்கும். பிஸ்டன் பெரிய நெல்லிக்காய் அளவு. அது உடைந்துவிட்டது. இன்ஜின் செய்த கம்பெனியே இப்போது இல்லை. போன வாரம் எங்கள் வீட்டு விருந்தில் அத்தனை பேர் முன்னால் நான், "குடுங்க மாப்ள, ராக்கெட்டுக்கே பிஸ்டன் அட்ச்சவன் நானு" என்றேன். விஜயா பக்கத்தில் இருந்து, "ராக்கெட்ல ஏதுங்க பிஸ்டன்" என்றாள். மனைவி என்றால் அப்படித்தான். மாப்பிள்ளை நம்பிக் கொடுத்துவிட்டார். வரும் ஞாயிறு ஓட்டிக் காட்டுவதாக வாக்கு. பிஸ்டன் ஓடுகிற எஃகுக் குழாய், லைனர், ஒன்றே ஒன்று. அதில் ஆழமாகக் கீறல் விழுந்தால் இன்ஜின் குப்பைக்கு.

சம்பந்தி மறைமலைநகர் கம்பெனியில் குவாலிட்டி பார்த்து ரிட்டயர் ஆனவர். சத்தமே போடாமல் பேசுவார். அதுதான் எரிகிறது.

"சம்பந்தி, அலுமினியத்துல பல ஜாதி கீது. சூடானா இரும்ப விட அது ஜாஸ்தி ஊதும். சிலிக்கான் அதிகமா கலந்தா ஊதறது கம்மி. பிஸ்டன்னா அந்த மெட்டீரியல்தான். இதோட தலைப்பக்கம் நல்லா கெட்டியா கீது, அறுத்து எட்த்துக்கோங்க."

எனக்கே பாடம். நாற்பது வருடம் லேத் ஓட்டியவனுக்கு.

அது கிடக்கட்டும். பெண் கொடுத்தவன் சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு துரும்பும் வாங்கக் கூடாது. எங்கள் வீட்டில் என் அப்பா போட்ட சட்டம். அக்காவைக் கொடுத்த வீட்டில் அவர் சாகும்வரை தண்ணீர் குடித்ததில்லை. நானும் கவிதா வீட்டில் இதுவரை கை நனைக்கவில்லை.

"வேணாம் சம்பந்தி, நம்மகிட்ட மெட்டீரியல் மலையா கீது" என்றேன். பிஸ்டனைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். போகுமுன் மோர் குடித்தார். அதுவரை சரி.

ஜூன் 4, புதன்

மலையாக ஒன்றும் இல்லை. ஜன்னல் சட்டம் அறுத்த துண்டு, குக்கர் மூடி. அவ்வளவுதான்.

வாங்க:
டூல் பிட் 2
காஸ்டிக் சோடா
விஜயாவுக்கு ரவை

செங்கல்பட்டு காயலான் கடை. கடைக்காரன் பாஷா எனக்குப் பழக்கம். பளபளவென்று ஒரு கம்பி எடுத்துக் காட்டினான். "ஏரோப்ளேன் மெட்டீரியல் அண்ணாத்த. இன்னா வலுன்றே, தட்டிப் பாரு." தட்டினேன். கோயில் மணி மாதிரி. விமானத்து இன்ஜினுக்கு விமானத்து உலோகம். இதை விடப் பொருத்தம் என்ன இருக்கிறது. சம்பந்தி லாரியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

சந்தேகமே வேண்டாம் என்று காஸ்டிக் சோடா சொட்டு விட்டும் பார்த்தேன். கம்பி கறுத்தது. பிஸ்டன் உலோகம் கறுக்கும் என்று பழைய மேஸ்திரி சொன்னது ஞாபகம். பாஸ்.

விஜயா: "அவரு அவ்ளோ தூரம் தூக்கினு வந்தாரு. வாங்கிகினா இன்னா கொறஞ்சுடும்?"

ரவை மறந்துவிட்டேன். அதற்கும் பேச்சு.

ஜூன் 5, வியாழன்

காலையிலிருந்து லேத். சுருள் சுருளாக, ஒடியாமல், முழ நீளத்துக்குப் பிசிர் வந்தது. பட்டு நூல். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் போட்டோ எடுத்தார். (சரி, வெள்ளைக்காரர் சைக்கிளில் வேடந்தாங்கலுக்கு வழி கேட்க நின்றார். ஆனால் பார்த்தார்.)

ரிங் பள்ளம், குறுக்கே பின் மாட்டுகிற ஓட்டை, எல்லாம் முடிந்தது. லைனருக்குள் விட்டால் காற்றை அழுத்திக்கொண்டு மெத்தென்று இறங்குகிறது. பழைய பிஸ்டன் இதை விட லூசு. என் வேலை சுத்தம்.

மாலை கவிதா போன். மெட்டீரியல் எங்கே வாங்கினேன் என்று மாப்பிள்ளை கேட்கிறாராம். மீனம்பாக்கத்தில் விமானம் பிரித்துப் பார்க்கிற சிநேகிதன் கொடுத்தான் என்றேன். வாயில் வந்தது, சொன்னேன்.

ஜூன் 8, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

மகாபலிபுரம். மாப்பிள்ளை வீட்டுப் பின்புறம், மரப்பலகையில் இன்ஜினை போல்ட் போட்டு முறுக்கி வைத்தோம். கடல் காற்று. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் நான்கு பேர். நாற்காலி போட்டு சம்பந்தி. கவிதா வாசலில்.

விசிறியைச் சுற்றிவிட்ட உடனே ஓடியது. என்ன சத்தம், என்ன வேகம். எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெய்ப் புகை. சிநேகிதன் ஒருவன், "மாமா சூப்பரு" என்றான். நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நிமிடம். சூடு ஏறியது. சத்தம் இறுகியது. கீச் என்று ஒன்று. நின்றது. விசிறியைக் கையால் திருப்பினால் அசையவில்லை.

ஆறவிட்டுப் பிரித்தோம். பிஸ்டன் ஒரு பக்கம் தேய்ந்து அப்பியிருந்தது. லைனரில் மூன்று கீறல். சூட்டில் ஊதி இறுக்கிக்கொண்டது. குழந்தைக்கும் தெரியும்.

மாப்பிள்ளை, "பரவால்ல மாமா" என்றார்.

திட்டியிருக்கலாம். என் அப்பாவாக இருந்தால் என்னை மிதித்திருப்பார். பரவால்லையாம். சம்பந்தி ஒரு வார்த்தை, நான் அன்றே சொன்னேனே என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் துணி எடுத்து லைனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எண்ண சரியில்ல மாப்ள. உப்புக் காத்து வேற" என்றேன்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டாச்சு என்று பஸ் ஏறினேன். வயிறு காலி. கோபம் மட்டும் முட்ட முட்ட.

ஜூன் 9, திங்கள்

முதல் வேலையாகக் காயலான் கடை.

"இன்னாடா மெட்டீரியல் குட்த்த? பேஜாரு பண்ட்டியே."

பாஷா, "ஏரோப்ளேன்து அண்ணாத்த. றெக்கைக்கு, பாடிக்குப் போட்றது. சொன்னேனே."

"பிஸ்டனுக்குப் போட்டேன், ஜாமாயிட்ச்சி."

"பிஸ்டனுக்கா? தாமிரம் கலந்த சரக்கு அது. அத எவனாச்சும் பிஸ்டனுக்குப் போடுவானா? நீ இன்னாத்துக்குன்னு வாயத் தொறந்தியா? ஷோக்கா கீதுன்னு தூக்கினு பூட்ட."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாமிரம் கலந்தாலும் கறுக்குமாம். மேஸ்திரி அதைச் சொல்லித்தரவில்லை. அல்லது அன்று நான் டீ வாங்கப் போயிருப்பேன்.

திரும்பி வந்து ஷாஃப்ட் ஒன்றைத் தப்பாகக் கடைந்தேன். இவனால், அவரால், எல்லோராலும்.

மாலை கவிதா போன். அழவில்லை. அழுதால் சமாளித்திருப்பேன்.

"பா, அந்த லாரி பிஸ்டனுக்காக எங்க மாமனாரு மூணு நாளு ஷெட்டு ஷெட்டா அலஞ்சாரு. உனுக்குத் தெரியுமா?"

"நான் கேட்டனா?"

"இந்த வூட்ல ஒரு துரும்பு வாங்கறதே உனுக்கு அவமானம். தண்ணி குடிக்கிறது அவமானம். நான் இங்கதானே மூணு வேளயும் துன்னுகினு கீறேன். அப்ப நான் இன்னா பா?"

வைத்துவிட்டாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். என் அப்பா மீது இவ்வளவு கோபம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. அக்கா அந்த வீட்டில் முப்பது வருடம் சாப்பிட்டாள். அவளுக்கு எப்படி இருந்தது என்று யார் கேட்டது.

ஜூன் 10, செவ்வாய்

காலை முதல் பஸ். யாருக்கும் சொல்லவில்லை, விஜயாவுக்கு மட்டும். "சட்டய மாத்தினு போங்க" என்றாள்.

சம்பந்தி தனியாக இருந்தார், பேப்பர் படித்துக்கொண்டு. மாப்பிள்ளை ட்யூட்டி. கவிதா உள்ளே.

உட்காரவில்லை. நின்றபடி சொன்னேன். மீனம்பாக்கத்துச் சிநேகிதன் யாரும் இல்லை. காயலான் கடைக் கம்பி. றெக்கைக்குப் போடுவதாம். எண்ணெய் மேலும் காற்று மேலும் தப்பு இல்லை. ராக்கெட் பிஸ்டன் அடித்த பொய் வரைக்கும் சொல்லியிருப்பேன், அதை அவர் கேட்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "பிசிரு நீளமா வந்துதா?" என்றார்.

"முழ நீளம்."

"சிலிக்கான் இருந்தா பொடிப்பொடியா கொட்டும். டூலையும் துன்னும்." உள்ளே போய் லைனரை எடுத்து வந்தார். "கீறல் ஆழமில்ல. உள்ளாற லேசா தேச்சி எட்த்துடலாம். அந்த அளவுக்கு பிஸ்டன் ஒரு மயிரிழ பெரிசா கடையணும். சூட்டுக்கு எடமும் வுடணும். எனுக்கு அளக்கத்தான் வரும் சம்பந்தி, லேத்து வராது."

"அந்த லாரி பிஸ்டன் கீதா?" என்றேன்.

கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கினேன். நல்ல கனம்.

கவிதா இலை போட்டாள். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தேன். சங்கரா மீன் குழம்பு. உப்பு கம்மி. சொல்லவில்லை. இரண்டாம் முறை சோறு கேட்டேன்.