ஊமையான செட்டும் சூரியனின் புள்ளிகளும்

அன்பு காதர் மாமா,

முக்கொம்பு அணையின் வயர்லெஸ் அறையில் வேலை பார்த்தபடி நீங்கள் சூரியனை வரைந்த தாள்கள் இப்போது என் மேசையில். நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டாகிறது. இன்று காலை உங்கள் பைனாகுலரைச் சன்னலில் கட்டி, வெயிலை வெள்ளைத்தாளில் விழவிட்டேன். சூரியனின் கிழக்கு விளிம்பில் பெரிய புள்ளிக் கூட்டம். ஒரு வாரத்தில் அது நமக்கு நேராகத் திரும்பிவிடும். மேற்கே மழையும் பிடித்துக்கொண்டது. பயமாக இருக்கிறது மாமா.

வெள்ளம் வந்த அந்த நண்பகலைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. காற்றில் தந்திக்கம்பி அறுந்திருந்தது. மேற்கே, ஆற்றின் மேல்புறத்தில் உள்ள நிலையம் வெள்ள அளவை வயர்லெஸ்ஸில்தான் சொல்ல வேண்டும். பத்திரிகைச் செய்திக்காக உங்கள் அருகில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று, இரைச்சல்கூட இல்லாமல் வயர்லெஸ் செட்டு அடங்கியது.

“செட்டு போயிடுச்சு மாப்ளே. ஸ்க்ரூடிரைவரை எடுங்க.”

“கொள்ளிடத்து மணல்ல சலவைக்காரங்க துணி காயப்போட்டுட்டு இருக்காங்களே, போய்ச் சொல்லட்டுமா?”

“என்னன்னு சொல்லுவீங்க?”

உறுதியாகாத செய்தியைத் தூக்கிக்கொண்டு ஓடாத நிருபர் என்ற பெருமை எனக்கு. உட்கார்ந்துவிட்டேன். சற்று நேரத்தில் வயர்லெஸ் அலைகள் திரும்பியிருக்கும். ஆனால் அப்போது நீங்கள் பிரித்துப்போட்ட செட்டு மேசைமேல் துண்டு துண்டாகக் கிடந்தது. தகவலுக்கு முன்னால் தண்ணீர் வந்தது. சலவைக்காரர் மாரியைத் தவிர எல்லோரும் கரையேறினார்கள்.

செட்டில் பழுதே இல்லை, சூரியனில் எழுந்த தீவெடிப்புதான் அலைகளை விழுங்கியது என்று பிறகு என்ஜினியர் சொன்னார். மறுநாளே வரையத் தொடங்கினீர்கள். புள்ளி பெருத்த வெள்ள நாட்களில் ஆற்றில் இறங்காதீர்கள் என்று எச்சரித்தீர்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை.

“என்ன பாய், சூரியனுக்கு அம்மை போட்டிருக்கா?” என்றார் டீக்கடைக்காரர்.

“அம்மைதான். என்னைக்கு வெடிக்கும்னுதான் தெரியலை.”

இப்போது மனிதரை வானவெளிக்கே அனுப்புகிறார்கள். காற்றுப் போர்வை இல்லாத அங்கே, வெடிப்பின் துகள்கள் உடம்பையே துளைக்குமாம். அதனால் பல நாடுகள் சூரியனைக் கண்காணிக்கின்றன. “வெடிக்கிற நேரத்தைச் சொல்ல முடியுமாங்க?” என்று ஒரு விஞ்ஞானியைக் கேட்டேன். “இன்னும் முடியலைங்க” என்றார். அவர்களுக்கே தெரியாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? மாரியின் மகள் அதே மணலில்தான் துணி காயப்போடுகிறாள்.

‘ஊமையானால் திறக்காதே’ என்று செட்டின்மேல் சீட்டு ஒட்டியிருக்கிறேன். மழை ஓயும்வரை பகலெல்லாம் அந்த வயர்லெஸ் அறையில் இருப்பேன். சைக்கிள் வாசலிலேயே நிற்கும். செட்டு அடங்கினால் மணலுக்கு ஓடுவேன். என்னவென்று கேட்டால், “என்னன்னு தெரியலை, கரையேறுங்க” என்று கத்துவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அன்று எழுந்து போகாத
உங்கள் மாப்பிள்ளை,
செல்வராசு
ஸ்ரீரங்கம்