பாக்கியம் கையில் கொடுத்த வெற்றிலை

அன்பு மச்சான் வேலாயுதம் அவர்களுக்கு,

நீங்கள் போயிருக்கும் இடத்தில் வழக்கு வம்பு கிடையாது என்கிறார்கள். அப்படியானால் உங்களுக்குப் பொழுது போவது கஷ்டம்தான். இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பத்திரிகைக்கே அனுப்புகிறேன், உங்களுக்கு எட்டாவிட்டாலும் பெரிய கங்காணிக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள்.

லகாட் பக்கத்தில் நம் ரப்பர்த் தோட்டத்துக்கு நல்ல பெயர். இங்கிருந்து ஈப்போ கோர்ட்டுக்கு ஒரு வழக்கும் போனதில்லை. ஜனங்கள் அவ்வளவு ஒற்றுமை என்று துரை சொல்கிறார். கோர்ட்டுக்குப் போகிறவன் திரும்பி வரும்போது தோட்டத்து லயத்தில் அவனுக்கு வீடு இருக்காது என்பதையும் ஒற்றுமையில் சேர்க்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோர்ட்டில் நான் துபாஷி. ஊரார் வழக்கையெல்லாம் மொழிபெயர்த்திருக்கிறேன். நம் தோட்டத்து வழக்கு மட்டும் என் வாயில் நுழைந்ததில்லை.

அந்தப் பெயரை வாங்கித் தந்தது நீங்கள். பஞ்சாயத்துக்கென்று துரை உங்களுக்கு ஒரு நாற்காலியே கொடுத்தார். தீர்ப்பு ஆனதும் இரு தரப்பும் ஒரே தட்டிலிருந்து வெற்றிலை எடுக்க வேண்டும், எடுக்காதவரை யாரும் எழக்கூடாது என்ற வழக்கமும் உங்களுடையதே. "மனசு ஒப்பாம எவனும் வூட்டுக்குப் போவக் கூடாது" என்பீர்கள்.

நீங்கள் காய்ச்சலில் போனபின் உங்கள் தம்பி ராமு பீடோரிலிருந்து வந்தான். உங்கள் மகள் பாக்கியத்தைத் தன்னோடு அனுப்பச் சொன்னான். என் அக்கா மறுத்தாள். கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடியது. உங்கள் நாற்காலியில் பெரிய கங்காணி.

"அண்ணன் புள்ள எங்க வூட்டுப் புள்ள. அண்ணனே சொன்ன ஞாயந்தானே?" என்றான் ராமு.

சொன்னதுதான். செல்லம்மாளின் புருஷன் இறந்தபோது, அவள் மகனைக் கொழுந்தனிடம் கொடுக்கச் சொன்னீர்கள். அவளும் வெற்றிலை எடுத்தாள். தோட்டமே மெச்சியது.

"சொன்னவரு செத்துட்டாரு. அந்த ஞாயம் மட்டும் சாவாதா?" என்றாள் அக்கா.

பெண்கள் பக்கத்திலிருந்து செல்லம்மாள் எழுந்தாள். சத்தம் போடவில்லை.

"எனக்குச் சொன்னதையே இவளுக்கும் சொல்லுங்க அண்ணே. வேற சொல்றதா இருந்தா, மொதல்ல என் புள்ளையக் கொண்டாந்து வுடுங்க."

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் மச்சான்?

தீர்ப்பு ராமு பக்கம். அவன் வெற்றிலை எடுத்தான். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெயில் ஏறியது. உங்கள் சட்டப்படி ஒருவராலும் எழ முடியவில்லை.

"எடும்மா அஞ்சல. சோறு ஆறுது" என்றார் கங்காணி.

"ஆறட்டும்."

உங்கள் வழக்கம் அக்காவைக் காப்பாற்றுகிறதே என்று எனக்கு உங்கள்மேல் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது கங்காணி தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து நீட்டி, பாக்கியத்தைக் கூப்பிட்டார்.

"வா தாயி. இதப் புடி."

பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியவர் நீங்கள். வாங்கிக்கொண்டாள்.

"அஞ்சல வூட்டுக் கை எடுத்தாச்சு" என்று கங்காணி எழுந்தார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

பாக்கியம் இப்போது பீடோரில் இருக்கிறாள். அக்கா வழக்கம்போல் மரம் சீவப் போகிறாள். தோட்டத்தின் நல்ல பெயருக்கு ஒரு குறைவும் இல்லை.

அதைக் கெடுக்கப் போகிறேன். அக்காவையும் செல்லம்மாளையும் ஈப்போ கோர்ட்டுக்கு அழைத்துப் போகிறேன். ஜெயிப்போமா, தெரியாது. லயத்து வீடு போனால் இருவருக்கும் ஈப்போவில் என் வீடு இருக்கிறது. செல்லம்மாளின் மனுவில் உங்கள் பெயரை எழுதியாக வேண்டும், எழுதுவேன். அவர்கள் சொல்வதில் ஒரு சொல்லையும் மென்மையாக்காமல் மொழிபெயர்ப்பேன்.

செல்லம்மாளின் மனுதான் முதலில்.

இப்படிக்கு,
உங்கள் பெண்சாதியின் தம்பி, பாக்கியத்தின் தாய்மாமன்,
முத்தையா