செவலையின் உயிரணுக்கள்

நாள் 212, காலை 07:10
செவ்வாய்த் தளம். இதைக் கண்டெடுப்பவர் யாரோ, அவருக்காக எழுதுகிறேன். காற்றழுத்தம் சீர். மின்சாரம் போதுமானது. இருப்பது நானும் செவலை என்ற நாயும். செவலைக்கு லிம்ஃபோமா, வெள்ளணுக்களில் வரும் புற்று. தாடைக்கடியில் நெல்லிக்காய் அளவில் கட்டிகள். நோயுற்ற விலங்கைக் கப்பலில் ஏற்றக் கூடாது, ஊசி போட்டு முடித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. மற்றவர்கள் கிளம்பினார்கள். நான் இறங்கிக்கொண்டேன். அடுத்த கப்பல் வர இரண்டு வருடம் ஆகும்.

கப்பலிலிருந்து மருத்துவர் கந்தவேல் அண்ணனின் செய்தி: "அம்மிணி, நாயப் பாக்கறேன்னு நீ பட்டினி கெடக்காதே. அந்தத் திருட்டுக் கழுதைகிட்ட என்ற காலுறை எங்கேன்னு கேளு. ஒத்தக் காலுறையோடதான் பூமிக்குப் போறேன்."

நாள் 220, மாலை 16:40
செவலையின் ரத்தத்திலிருந்து டி-அணுக்களைப் பிரித்தேன். புற்றைக் கொல்ல வேண்டியவை இவை. ஆனால் புற்றணு ஒரு புரதத்தை நீட்டி, 'நான் உன் ஆள், விட்டுவிடு' என்கிறது. டி-அணு நம்பித் திரும்பிவிடுகிறது. அந்தச் சொல் காதில் விழாதபடி டி-அணுவின் மரபணுவை மாற்றினேன். இனி கிண்ணத்தில் பெருக வேண்டும்.

நாள் 226, காலை 11:05
புழுதிப்புயல். சூரியத் தகடுகளும் ஆண்டெனாவும் மூடிக்கிடக்கின்றன. உறைபெட்டி நின்று, அணுக்களுக்கு ஊட்டும் சீரம், ரத்தத்தின் தெளிநீர், கெட்டுவிட்டது. சோகை பிடித்த செவலையிடம் இனி ரத்தம் எடுக்க முடியாது. அண்ணனிடம் கேட்கவும் வழியில்லை. என் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். சீரத்தைப் பிரித்துக் கிண்ணத்தில் ஊற்றினேன்.
பெருகுகின்றன! சத்தமாகச் சிரித்துவிட்டேன். செவலை எழுந்து வந்து பார்த்தாள்.

நாள் 236, காலை 08:00
அணுக்களைச் செலுத்தி மூன்று நாள். கட்டிகள் சுண்டைக்காயாகச் சுருங்கிவிட்டன. என் ரொட்டியைத் திருடினாள். பார்க்காதது போல் இருந்தேன்.

நாள் 239, மதியம் 13:20
காய்ச்சல். கட்டிகள் திரும்பிவிட்டன. நுண்ணோக்கியில் பார்த்தேன். மாற்றிய அணுக்களின் மேல் என் புரதம் ஒட்டியிருந்திருக்கிறது. அவள் உடல் அதை அந்நியம் என்று கண்டு, அபாயக் குரல் எழுப்பி, எல்லாவற்றையும் கொன்றுவிட்டது. புற்று 'நான் உன் ஆள்' என்று பொய் சொல்லித் தப்பியது. உண்மையாகவே அவளுடையவையான அணுக்களோ என் ரத்தம் பட்டதால் செத்தன.

நாள் 241, காலை 09:15
ஆண்டெனா உயிர்பெற்றது. பதினைந்து நாள் காத்துக்கிடந்த செய்தி: "அம்மிணி, புயல்னு கேள்விப்பட்டேன். சீரம் கெட்டுப்போச்சுன்னா அப்படியே நிறுத்திப்போடு. ஒன்ற ரத்தத்த மட்டும் ஊத்தீராதே. ஒன்ற குணம் எனக்குத் தெரியுமாக்கும்."


நாள் 242
போய்விட்டாள். தலை என் மடியில் இருந்தது. படுக்கையை எடுத்தபோது அடியில் அண்ணனின் காலுறை.

நாள் 250
தகடுகள் தேறவில்லை. இருக்கும் மின்சாரம் ஒன்றுக்குத்தான் போதும். என் அறையைச் சூடாக்க, அல்லது அணுக்களை வெதுவெதுப்பில் வளர்க்கும் இன்குபேட்டருக்கு. உள்ளே ஒரு கிண்ணம் மீதி இருக்கிறது. அவளுடைய அணுக்கள் இன்னும் பெருகுகின்றன.
இன்குபேட்டருக்கே கொடுத்தேன். முப்பத்தெட்டு டிகிரி. அவள் உடம்புச் சூடு.

நாள்
விரல் மரத்துவிட்டது. நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது குத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. ஊட்டிவிட்டேன்.
கண்டெடுப்பவருக்கு: உள்ளே இருப்பது செவலை. மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். அவளுக்குப் பசிக்கும். உங்கள் கையை