உன் நீல நிறத்தில் பறந்த கொசுக்கள்

என் நைனா,

நீட்டி முழக்கினால் உனக்கும் பிடிக்காது, எனக்கும் வராது. நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் ஊரில்தான் இருக்கிறேன். பெங்களூரில் வேலை கிடைத்தது, பெட்டியும் கட்டியாயிற்று. போக முடியவில்லை. முகத்துவாரம் மண் மூடி, ஏரித் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. நானும் அப்படித்தான். காரணம், கொசு.

சிரிக்காதே. நீ காய்ச்சலில் போன பிறகு, ஊரில் எவ்வளவு கொசு இருக்கிறது என்று கணக்கிட ஆள் தேவைப்பட்டது. இந்த ஊர்க்காரன் என்று என்னையே ஒப்பந்தத்தில் போட்டார்கள். "கொசு எண்ணவா அவ்ளோ படிச்ச?"ன்னு கேட்டிருப்பாய். எண்ண முடியாது என்பதால்தான் புள்ளியியலே வந்தது.

ஏரியில் எவ்வளவு இறால் என்று தெரிய, ஏரியையே வாரிக் கொட்டவா முடியும்? கொஞ்சம் பிடித்து அடையாளம் போட்டுத் திரும்ப விடு. மற்றதோடு கலக்கட்டும். பிறகு வலை போடு. விழுந்ததில் பத்துக்கு ஒன்று அடையாளம் போட்டது என்றால், நீ விட்டதைப்போல் பத்து மடங்கு ஏரியில் இருக்கிறது. பாதிக்குப் பாதி என்றால் இரண்டே மடங்கு. சூத்திரம் அவ்வளவுதான். வலையில் எது விழவேண்டும் என்பதில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.

கடிக்காத ஆண் கொசுக்களாகப் பார்த்து, கலர்ப் பொடி தூவி, நம் வீட்டுப் பின்பக்கம் பறக்கவிட்டேன். தெருவெல்லாம் பொறி வைத்தேன். பொடியில் கைக்கு வந்தது நீலம். யோசிக்கவே இல்லை.

உன் வலை மிதப்புக்கட்டைகளின் நீலம், நைனா.

வீட்டுக்கு ஒரு நிறம். காற்றில் அறுந்த வலை யார் கையில் சிக்கினாலும், மிதப்பின் நிறம் பார்த்து அந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டு வலையைக்கூட நீ தூக்கிக்கொண்டு போய்ப் போட்டிருக்கிறாய். இது கொசுவுக்கும் பொருந்தும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் நேர்காணலுக்குப் பெங்களூர் போய் வந்தேன். பொறிகளைத் திறந்து எண்ணினால் பாதிக்கு மேல் நீலம். நம் வீட்டுப் பொறியில்தான் அதிகம். விட்ட இடம் பக்கத்தில்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் கொசு மிகக் குறைவு என்று கணக்கு வந்தது. அனுப்பிவிட்டேன். மேலே எல்லோருக்கும் சந்தோஷம்.

பிறகு டீக்கடையில் எல்லப்பன் மாமா பிடித்துக்கொண்டார். "இன்னா மாப்ள, உன் கொசுவெல்லாம் வந்து சேந்துச்சா?"

"எந்தக் கொசு மாமா?"

"நீலக் கொசுடா. உங்க நைனா கலரு. ஊட்டுக்கு ஊடு தீப்பெட்டில புடிச்சாந்து உங்கம்மா கைல குடுத்தோமே. வேற கொசுன்னா ஒரே அடி. உன்னுத தொடுவமா?"

ஓடினேன். அம்மா நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தீப்பெட்டிக் கொசுவ இன்னா பண்ண?"

"நம்ம ஊட்டுப் பொறிலதான் போட்டேன். உன் பொருள் பறந்து போயிடக் கூடாதுல்ல?" பெருமை வேறு. "நாங்கூட ரெண்டு புடிச்சேன்."

கத்தினேன். யாரைத் திட்டுவது? ஊரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை, எண் மட்டும் பொய்.

கொசு அதிகமுள்ள ஊர்களுக்குத்தான் தண்ணீர் டிரம்களில் மருந்து ஊற்ற ஆட்கள் போவார்கள். நமக்கு வரமாட்டார்கள். உப்புத் தண்ணீர் ஊர். லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்காமல் ஜனம் என்ன செய்யும்? அதிகாரிக்குப் போன் போட்டேன். "தப்புன்னா கணக்க நீங்களே திருப்பி எடுங்க, வேற ஆள் இல்ல. இல்லன்னா இருக்கிறதே இருக்கட்டும்" என்றார். திருப்பி எடுத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். பெங்களூர்க்காரன் காத்திருக்க மாட்டான்.

உண்மையைச் சொல்கிறேன், விட்டுவிட்டுப் போகத்தான் கிளம்பினேன். பொன்னேரி ஸ்டேஷன் வரை பெட்டியோடு போனேன். உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இதே வழிதான். நடுங்கிக்கொண்டே, "ஒரு கொசு கடிச்சதுக்கா இவ்ளோ?" என்று கேட்டாய். ரயில் வந்து நின்றது. நான் அனுப்பிய எண்ணை நம்பினால், உன்னைக் கடித்த மாதிரி ஒரு கொசு நம் ஊரிலேயே இல்லை.

ரயில் போய்விட்டது.

பெங்களூருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். தியாகம் கியாகம் என்று நினைத்துவிடாதே, வயிறு எரிகிறது. இன்னும் எத்தனை மாதமோ இதே தெரு, இதே சேறு, இதே "இன்னா மாப்ள". நீ இருந்திருந்தால் போடா என்று தள்ளியிருப்பாயா? இல்லை, வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயா?

வேறு பொடிக்கு அலைந்தேன். சிவப்பு ஒரு வீடு, மஞ்சள் ஒரு வீடு, பச்சைக்கு அண்ணன் தம்பிக்குள் சண்டையே நடக்கிறது. இந்த ஊரில் உரிமைக்காரன் இல்லாத நிறமே கிடையாது. கடைசியில் தனி விளக்கு அடித்தால் மட்டும் தெரிகிற பொடிக்குச் சொல்லியிருக்கிறேன்.

வாக்குக் கொடுக்கிறேன் நைனா. மழைக்கு முன்னால் சரியான எண் போகும். மருந்து வரும்வரை அந்த ஆபீஸை விடமாட்டேன்.

எல்லப்பன் மாமா நேற்றும் ஒரு தீப்பெட்டி கொடுத்தார். உள்ளே ஒரே ஒரு நீலக் கொசு, செத்துக் காய்ந்துபோய். கணக்கில் சேர்க்கவில்லை. தூக்கிப்போடவும் இல்லை.

நீலக் கலர் வீட்டில் மாட்டிக்கொண்ட உன் பிள்ளை,
சேகர்