எங்கள் வீட்டில் நீர் உட்காராத நாள்

இன்று காலை அடுக்குமாடியின் நடைபாதையைப் பினைல் ஊற்றிக் கழுவினார்கள். கதவிடுக்கால் அந்த மணம் உள்ளே வந்ததும் உம்முடைய நினைவும் கூடவே வந்துவிட்டது. செத்துப்போன சிநேகிதியை மல்லிகை மணத்தில் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது பினைல். நீர் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்.

இதை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். உடுப்பு அயன் பண்ணும் மேசையை ஜன்னலோரம் இழுத்து, அதன்மேல் கொப்பியை வைத்திருக்கிறேன். நாலு வரி எழுதுவதும் குசினி வரை நடந்துவிட்டு வருவதுமாகக் காலை போகிறது. கதிரையில் உட்கார்ந்தால் பத்து நிமிடம்தான். அடியிடுப்பில் நெருப்புப் பற்றியது போல எரியும். பிறகு உள்ளே தசை இறுகிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்கும். நோகிற இடம் எது என்று ஆட்களுக்குச் சொல்லவும் முடியாது. எட்டு மாதமாக இந்தக் கூத்து. ஸ்கானில் ஒன்றுமில்லை, சிறுநீர்ப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. ஒரு டொக்டர் மூலவியாதி என்றார். இன்னொருவர் சலக்கிருமி என்று மருந்து தந்தார். மூன்றாமவர் என் வயதைக் கேட்டுவிட்டு, மனதை அமைதியாக வைத்திருக்கும்படி சொன்னார். அவர் முகத்தில் பரிசோதனைக் கோப்பைத் தூக்கி எறியாமல் வந்ததே என் அமைதிக்குச் சாட்சி.

பினைல் ஏன் என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. பம்பலப்பிட்டியில் நாங்கள் இருபத்தேழு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்த அந்தக் காப்புறுதிக் கந்தோரில், பெண்களுக்குப் பினைல் மணக்கும் ஒரேயொரு கழிவறை. அது எப்போதும் பூட்டித்தான் இருக்கும், திறப்பு தலைமை எழுதுவினைஞரின் மேசையில் கிடக்கும். கேட்கப் போனால் அந்த மனிசன் முதலில் மணிக்கூட்டைப் பார்ப்பார், பிறகு ஆளைப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் திறப்பை நகர்த்துவார். நீர் கொட்டாஞ்சேனையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த கிழமை, இரண்டு தரம் கேட்கப் போய் முகம் சிவந்து திரும்பி வந்தீர். நான்தான் பெரிய கெட்டிக்காரி போல உம்மைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“காலமை தேத்தண்ணி குடியாதையும். அடக்கிப் பழகினா நாலரை மட்டும் தாங்கும்.”

பழகினீர். முதல் மாதம் நெளிந்தீர், மூன்றாம் மாதம் என்னையே வென்றீர். எனக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்ததும் நீர்தான். அதற்கு நான் உம்மைக் குட்டி ஒட்டகம் என்பேன். நாலரைக்குப் படியிறங்கி ஆளுக்கொரு பக்கமாக வீட்டுக்கு ஓடுவோம். என்ன பெருமை எங்களுக்கு! அந்த மனிசனிடம் போய் நிற்காமல் ஒரு வருடத்தைக் கழித்ததற்கு நாங்கள் ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டதை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு, நாங்கள் இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், இந்த வெள்ளவத்தை வீட்டுக்குக் குடிவந்து பால் காய்ச்சிய நாள். கையில் கேக்குடன் இரண்டு பஸ் மாறி வந்தீர். கூடம் நிறையச் சனம். புதுக் கதிரைகள், பொலித்தீன் கூடக் கழற்றவில்லை. இரும், இரும் என்று மூன்று தரம் சொன்னேன். நீர் ஜன்னலோரம் போய்க் கடலைப் பார்த்து நின்றீர். ரோல்ஸைக் கையில் வைத்துக் கடித்தீர். கால் மணித்தியாலத்தில் போய்வாறன் என்றீர். நீர் படியிறங்கும் முன்பே மச்சாள் என் காதுக்குள், எங்கள் வீட்டில் உட்கார அவவுக்கு மனமில்லைப் போல என்று ஊதிவிட்டா. எங்கள் ஆட்களுக்குத் தெரியும்தானே. வந்த வீட்டில் உட்காராமல் போவதை விடப் பெரிய அவமரியாதை ஒன்றுமில்லை.

அடுத்த நாள் தொலைபேசியில் உம்மிடம் குத்தலாகக் கேட்டேன், எங்கள் வீட்டுக் கதிரை உமக்குத் தரம் குறைந்துவிட்டதோ என்று. நீர் சிரித்துக்கொண்டு, பஸ்ஸில் வழிநெடுக உட்கார்ந்து வந்த அலுப்பு என்றீர். அந்தச் சிரிப்பும் எனக்குக் கொழுப்பாகத்தான் பட்டது. அதோடு நான் உமக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. நீர் எடுத்தாலும் வேலை என்று சொல்லி வைத்தேன். இரண்டு வருடம் அப்படியே போனது. உமக்கு மாரடைப்பு என்று செய்தி வந்தபோது நான் சந்தையில் கீரைக்காரியோடு விலை பேசிக்கொண்டு நின்றேன். செத்த வீட்டில் உம்முடைய முகத்தைக்கூட நேரே பார்க்கவில்லை. கோபம் அப்போதும் மிச்சமிருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் கிருலப்பனையில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். முஸ்லிம் பெண், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். அவதான் முதன்முதலாக என்னை முழுதாகக் கதைக்க விட்டா. பிறகு தன் கையைப் பொத்திக் காட்டினா. அடியிடுப்பைக் கீழிருந்து தாங்குகிற தசைகள் இப்படி இறுகிப்போய் நிற்கின்றனவாம். அதற்குள் ஓடும் நரம்பு நசிபட்டு எரிகிறதாம். எரிய எரியத் தசை இன்னும் இறுகுமாம், இறுக இறுக நரம்பு இன்னும் எரியுமாம். இறுக்கிப் பிடிக்கிற பயிற்சி எதையும் இப்போது செய்ய வேண்டாம், தளர விடத்தான் பழக வேண்டும் என்றா. எதனால் வந்தது என்று கேட்டேன். கஷ்டமான பிரசவம், இடுப்பு அடிபட விழுந்தது, மலச்சிக்கல், வருடக்கணக்காகக் கதிரையில் இருந்தது, பயம், கவலை என்று சொல்லிக்கொண்டு வந்தவ, சலத்தை அடக்கும் பழக்கத்தையும் சொன்னா.

அதுதானா காரணம் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

“அது மட்டும்தான்னு சொல்ல ஏலா அன்ட்டி. அது இல்லன்னும் சொல்ல ஏலா.”

இந்த நோய்க்காரரை வெளியில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது என்றும் அவ சொன்னா. பஸ்ஸில் இடத்தை மற்றவருக்குக் கொடுப்பார்கள், கோயிலில் பின்னால் நிற்பார்கள், பார்க்கிறவர்கள் நல்ல மனம் என்று நினைப்பார்கள். அப்போதுதான் நீர் வந்து என் முன்னால் நின்றீர். கந்தோரில் கடைசி வருடங்களில் இரும்பு அலுமாரியின் மேல் கோப்புகளை அடுக்கி, நின்றுகொண்டே வேலை செய்தீர். உடம்பைக் குறைக்கிறாவாம் என்று நான் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் பழக்கியதால்தான் உமக்கு வந்ததா? எனக்கும் அதனால்தானா? தெரிந்துகொண்டே ஆக வேண்டும் போலிருந்தது. போன ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிகிற நேரம் பார்த்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். உம்முடைய கணவர் கதவைத் திறந்தார். இருங்கோ என்றார். பரவாயில்லை என்று நின்றேன். அவர் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். இரண்டாம் தரம் இருக்கச் சொல்லவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து, கதிரைக்குப் பக்கத்து ஸ்டூலில் வைக்காமல், நெஞ்சளவு உயரத்திலிருந்த புத்தக அலுமாரியின் மேல் எனக்குக் கையெட்ட வைத்தார்.

“உங்களுக்குமா?”

தலையாட்டினேன். கந்தோர்க் கதை முழுவதையும், அடக்கப் பழக்கியது நான்தான் என்பதையும் அவரிடம் கொட்டினேன். அவர் கோபப்படவில்லை. சின்ன மகன் பிறந்தபோது ஆயுதம் போட்டு எடுத்ததாம். ஒருமுறை மழைக்குள் படியில் வழுக்கி விழுந்தீராம். எதனால் என்று ஒருவரும் அவருக்கும் சொல்லவில்லையாம். ஐந்து வருடம் நீர் நின்றபடியே சாப்பிட்டிருக்கிறீர். பிள்ளைகளுக்குக் கூடக் காரணம் தெரியாது. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“உங்கட புது வீட்டுக்கு அண்டைக்கு வந்ததே உங்களிட்ட இதைச் சொல்லத்தான். சனமா இருந்தபடியா வாய் வரேல்லையாம். அடுத்த நாள் நீங்க போன் பண்ணின உடன, ஏன் இருக்கேல்லை எண்டு கேக்கப் போறா எண்டு சந்தோசப்பட்டவ.”

தேத்தண்ணியை நின்றபடியே குடித்து முடித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடமிருந்தது. நிற்கிறேன் என்றேன். பக்கத்தில் இருந்த பெண் ஏன் என்று கேட்டா. அடியிடுப்பு நரம்பில் வருத்தம், இருந்தால் எரியும் என்று அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னேன். சொல்ல அரை நிமிடம் கூட ஆகவில்லை. அவ கேட்டா, நான் சொன்னேன், அவ்வளவுதான். அந்த அரை நிமிடத்தை நான் உமக்குத் தரவில்லை.